சேர்வராயன் குகையில் காவேரியா?



சென்ற மே மாதத் திருவிழாவின்போது சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஏற்காட்டுக்குப் போய், சேர்வராயன் மலையுச்சிக் கோவிலையும் பார்த்து வந்தோம். கோவில் என்பது ஒரு குகைதான். குனிந்து உள்ளே போனால் இருட்டு. சேர்வராயன் என்று ஒரு சாமி. பக்கத்தில் காவேரியம்மன் என்று ஒரு சாமி. குகையின் கோடியிலிருந்து காவேரியாற்றுக்கு வழி போகிறதென்றும், உள்ளே கசிகிற ஈரமும் காவேரியே என்றும் சொல்லுகிறார்கள். ஜனங்களும் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள்.

நல்லது, கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நாமும் பெரிய படிப்புப் படித்தவரல்ல. காவேரி பிறப்பதாகச் சொல்லப்படும் தலைக்காவேரி, குடகு பிரம்மகிரியில் சுமார் 4,190 அடி உயரத்திலிருக்கிறது. சேர்வராயன் கோவிலோ சுமார் 5,300 அடி. அதாவது, நதி பிறந்த இடத்தைவிட இந்தக் குகை ஆயிரம் அடிக்கு மேல் உயரம்! இடையே தூரம் ஏறக்குறைய 300 கிலோ மீட்டர். பக்கத்து மேட்டூரில் ஓடும் காவேரியோ 800 அடிக்கும் கீழே. மடை திறக்கும் குடியானவனுக்கு தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது தெரியாதா? அம்மனுக்காக மாத்திரம் அது மேட்டில் ஏறுமா? மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காக இம்மலையைப் பல வருஷம் வெட்டினார்கள். அவர்களுக்கு அகப்பட்டது பாக்ஸைட், காவேரி அகப்படவில்லை.

தலைக்காவேரியின் யோக்கியதைதான் என்ன? அகத்தியர் கமண்டலத்தில் அடைத்து வைத்த நதியைப் பிள்ளையார் காக்கையாய் வந்து கவிழ்த்தாராம். ஐப்பசிப் பிறப்பன்று குறித்த முகூர்த்தத்தில் ஒரு சிறு தொட்டியில் தண்ணீர் பொங்குமாம். தீர்த்தம் கொடுக்கப் பார்ப்பனர் வேண்டுமாம். ஆனி முதல் புரட்டாசி வரை கொட்டின மழையைக் குடித்த மலை அதை ஊற்றாய் விடுவதற்குப் பஞ்சாங்கம் எதற்கு?

“இதெல்லாம் ஓர் அடையாளந்தானே, உங்களுக்கு என்ன நஷ்டம்?” என்று படித்த பக்தர்கள் சமாதானம் சொல்லுவார்கள். நஷ்டத்தைக் கண்ணால் பார்த்தோம். சேலத்துக்குத் தெற்கேயிருந்து வந்த குடியானவர் ஒருவர் பாட்டிலில் தீர்த்தம் வைத்திருந்தார். பேரப்பிள்ளைக்கு நாலு நாளாய்க் காய்ச்சலாம். “டாக்டரிடம் காட்டினீர்களா?” என்றால், “அம்மனுக்கு முடிச்சுட்டுப் பாக்கலாமுன்னுங்க” என்கிறார். இறங்கினதும் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்படி மன்றாடினோம். இதுவா அடையாளம்?

இதில் வேடிக்கை என்னவென்றால், இம்மலைக்கும் காவேரிக்கும் உண்மையாகவே உறவுண்டு. காவேரி இங்கே வருவதில்லை; இங்கே பெய்யும் மழைதான் காவேரிக்குப் போகிறது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் இங்கே பிறந்து, கீழே போய்க் காவேரியில் கலக்கின்றன. அந்தத் திருமணிமுத்தாறு சேலத்துக்குள் புகுந்ததும் சாக்கடையும் சாயக்கழிவும் கலந்து கறுத்து நாறுகிறது. பொய்க் காவேரிக்குச் சூடம். மெய்க் காவேரிக்குச் சாக்கடை! குகைக்குள் உருகின பக்தர்களில் எத்தனை பேர் இதைப்பற்றி அதிகாரிகளைக் கேட்டிருப்பார்கள்?

அந்தக் குடியானவரையே கேட்டோம்: “உங்கள் ஊருக்கு எந்த ஆறு?”

“திருமணிமுத்தாறுங்க.”

“அதுவும் இந்த மலைத் தண்ணீர்தானே! அதில் ஒரு பாட்டில் பிடித்துப் பிள்ளைக்குக் கொடுப்பதுதானே?”

“அய்யோ, அதை மாடுகூடக் குடிக்காதுங்களே!” என்றார்.