பேசும் பாவையும் பேசாப் பிள்ளையும்

நல்லூர்த் திருவிழாக் காலத்திலே வீதியோரக் கடைகளில் விளையாட்டுப் பொருள்கள் மலைபோற் குவிகின்றன. பொத்தானை அழுத்தியதும் ஆங்கில எழுத்துக்களைப் பாடும் பாவையையே பெற்றோர் பலர் விரும்பி வாங்குகின்றனர். அது தம் பிள்ளைக்கு மொழி கற்பிக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. அந்நம்பிக்கை ஆராயத்தக்கது.

குழந்தை ஒலியைக் கேட்பதனால் மட்டும் மொழி கற்பதில்லை. தான் எழுப்பிய ஒலிக்கு மறுமொழி கிடைப்பதனாலேயே கற்கின்றது. பிள்ளை 'மா' என்னும், தாய், 'மாடோ? மாடு எங்கே நிற்கிறது?' என்பாள். இவ்வாறே மழலை சொல்லாகின்றது; சொல் வாக்கியமாகின்றது. பாவையோ, பிள்ளை எதனைக் கூறினும், பாடியதையே பாடும். அது பாடும்போது தாயும் வாளாவிருந்துவிடுகின்றாள். பெருங்கேடு அதுவே. 10 முதல் 16 மாதம் வரையான 26 குழந்தைகள் பெற்றோருடன் விளையாடியதை ஆராய்ந்து, 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மின்கலத்தால் இயங்கும் பாவைகள் இருந்தபோது பெற்றோர் மிகக் குறைவாகவும், புத்தகம் இருந்தபோது மிகுதியாகவும் பேசினர் என்பது அதன் முடிபு.

ஆதலின், தான் பேசாது பிள்ளையைப் பேசவைக்கும் பொருளே சிறந்தது. சிரட்டையிலே மணற்சோறு ஆக்கும் சிறுமியைப் பாருங்கள். அம்மம்மாவை விருந்துக்கு அழைக்கின்றாள், கறிக்கு உப்புக் காணாதென்கின்றாள், துணிப்பாவைக்கு ஊட்டுகின்றாள். இலக்கணம் அறியாமலே எத்தனை வினைமுற்றுக்களையும் வேற்றுமை உருபுகளையும் பிழையின்றி வழங்குகின்றாள்!

நூலுக்கும் இவ்விதியே பொருந்தும். தெளிந்த படம், சிலவாகிய சொல், இனிய ஓசை, பிள்ளை கண்டறிந்த பொருள் ஆகியன வேண்டும். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பையும் கத்தரித்தோட்டத்து வெருளியையும் பாடியமை இதனாலன்றோ சிறந்தது! ஆயினும், நல்ல நூலையும் நிறுத்தாமல் ஒப்பித்தால் அதுவும் பாடும் பாவையே. ஒரு படத்தில் நின்று, வினவி, பிள்ளையின் விடைக்குக் காத்திருத்தல் வேண்டும்.

ஆசிரியராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. மூன்று வயதிலே எழுதுகோலைத் திணிக்கும் பாலர் பாடசாலையை நாம் புகழ்கின்றோம். பின்னர், முதலாம் வகுப்பிலே எழுத்தெல்லாம் அறிந்தும் நேற்று நடந்ததைச் சொல்லவியலாது விழிக்கும் பிள்ளையைக் கண்டு இரங்குகின்றோம். இரண்டு வயதாகியும் சொல் வாராத பிள்ளையையோ, பாவை மாற்றிக் காலங்கடத்தாது, மருத்துவரிடம் காட்டிச் செவிப்புலனைச் சோதிப்பித்தல் கடன்.

கடை வாயிலில் நிற்கும் பெற்றோர், 'இது பேசுமா?' என வினவற்க. 'இதனை வைத்து என் பிள்ளை என்னோடு பேசுமா?' என வினவுக.