நோன்புக் கஞ்சிக்கு அழைக்கத் தெரிந்த நமக்கு ஒரு மனு எழுதத் தெரியவில்லையா?



எங்கள் மஹல்லாவின் கப்ருஸ்தானுக்குச் செல்லும் பாதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் முழங்கால் அளவு நீரில் மூழ்கிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கார்த்திகை மாதத்து மழையில் முதியவர் ஒருவரின் ஜனாஸாவைச் சுமந்து சென்றபோது, முன்னால் தோள் கொடுத்தவரின் கால் பள்ளத்தில் இறங்கிச் சந்தூக் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அல்லாஹ்வின் அருளால் மய்யித் கீழே விழவில்லை. ஆனால் அதைக் கண்ட அவருடைய மகனின் முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் பெரும் ஆவேசம். "நாம் முஸ்லிம்கள், அதனால்தான் அரசாங்கம் கண்டுகொள்வதில்லை" என்றனர் பலர். நானும் தலையசைத்தேன். எங்கள் மதரஸாவில் ஓதி முடித்த இளைஞர் ஒருவர் மட்டும் எதுவும் பேசாமல் சென்றார். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பேரூராட்சி அலுவலகத்திற்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். கடந்த பத்து ஆண்டுகளில் இப்பாதை குறித்து எத்தனை மனுக்கள் வந்தன, அவற்றின்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்பதே கேள்வி. முப்பது நாட்களுக்குள் பதில் வந்தது. அப்பொருள் குறித்து எவரிடமிருந்தும் ஒரு மனுகூடப் பெறப்படவில்லை என்று அதில் இருந்தது.

பத்து ஆண்டுகளில் ஒரு மனுகூட இல்லை! இதே பத்து ஆண்டுகளில் எங்கள் ஜமாஅத் நடத்திய இஃப்தார் நிகழ்ச்சிகளோ ஏராளம். சட்டமன்ற உறுப்பினர் வந்தார், தொப்பி அணிந்தார், கஞ்சி அருந்தினார், பொன்னாடை பெற்றுக்கொண்டார், படம் எடுத்துக்கொண்டு விடைபெற்றார். அப்படம் ஜமாஅத் அலுவலகச் சுவரில் இன்றும் தொங்குகிறது. அவர் கையில் பொன்னாடையைக் கொடுத்த நாம், அதனுடன் ஒரு தாளைக் கொடுத்தோமில்லை. அவர் நம்மை ஏமாற்றினார் என்று எந்த முகத்துடன் சொல்வது?

இது எங்கள் ஊரின் கதை மட்டுமன்று என்பதை வெளியூர்களுக்குப் பயான் செய்யச் செல்லும்போது அறிகிறேன். நமக்கு ஏற்பட்டுள்ள நோய்க்கு நாமே சில அழகிய பெயர்களைச் சூட்டியுள்ளோம். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற்பெயர், தவக்குல். "அல்லாஹ்விடம் கேட்போம், மனிதர்களிடம் போய் நிற்க வேண்டுமா?" என்று சிலர் மார்க்கத்தின் பெயரால் வினவுகின்றனர். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வை நம்பலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் உள்ளது. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். சிறையிலிருந்து மன்னர் அழைத்தபோது அவர்கள் உடனே ஓடிவந்துவிடவில்லை. தூதரைத் திருப்பி அனுப்பி, கைகளை வெட்டிக்கொண்ட பெண்களின் செய்தியை விசாரிக்குமாறு மன்னரிடமே கோரினார்கள். விசாரணை முடிந்து, குற்றமற்றவர் என்பது உறுதியான பின்னரே வெளியே வந்தார்கள். ஆட்சியாளரிடம் முறையான விசாரணை கோருவது ஈமானுக்குக் குறைவு என்றால், ஒரு நபி அதைச் செய்திருப்பாரா? ஃபிர்அவ்னைப் போன்ற கொடுங்கோலனிடமும் மென்மையாகப் பேசுமாறே மூஸா, ஹாரூன் (அலை) இருவருக்கும் அல்லாஹ் கட்டளையிட்டான். நம் வட்டாட்சியர் ஃபிர்அவ்னைவிடக் கொடியவர் அல்லர்.

இரண்டாம் பெயர், "ஆள் பிடித்தல்". நேரே சென்று மனு கொடுக்க அஞ்சும் நம்மவர்கள், இடைத்தரகரிடம் ஆயிரம் இரண்டாயிரம் கொடுக்கத் தயங்குவதில்லை. லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள் என்பதை நம் பிள்ளைகள் மக்தபிலேயே படித்துவிடுகின்றனர். ஆனால் பட்டா மாறுதலுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் "அன்பளிப்பு" என்ற சொல்லைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம்.

இங்கே ஹபஷாவின் அரசவையை நினைவுகூர்வது பொருத்தம். மக்காவின் கொடுமை தாளாது புலம்பெயர்ந்த முஸ்லிம்களைத் திருப்பி அனுப்பக் கோரி, குறைஷிகளின் தூதர்கள் நஜ்ஜாஷி மன்னரிடம் வந்தனர். அவர்கள் வெறுங்கையுடன் வரவில்லை. அரசவையினர் ஒவ்வொருவருக்கும் பரிசுப் பொருள் கொண்டுவந்தனர். முஸ்லிம்களின் சார்பில் பேசிய ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களிடம் கொடுப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. அவர்கள் பேசிய முறையைக் கவனியுங்கள். நாங்கள் முன்பு எந்நிலையில் இருந்தோம் என்பதைக் கூறினார்கள். எங்களிடம் ஒரு தூதர் வந்தார், அவர் கற்றுத்தந்தவை இவை என்றார்கள். அதனால் எங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி இது என்றார்கள். உங்கள் நாட்டில் அநீதி இழைக்கப்படமாட்டோம் என நம்பி வந்தோம் என்று முடித்தார்கள். கெஞ்சலும் இல்லை, வசையும் இல்லை. மன்னர் கேட்டபோது சூரா மர்யமின் வசனங்களை ஓதினார்கள். நஜ்ஜாஷி, பரிசுகளைத் தூதர்களிடமே திருப்பித் தந்தார். நாம் யார், குறை என்ன, வேண்டுவது என்ன என்னும் மூன்றும் தெளிவாக அமைந்த அவ்வுரையைவிடச் சிறந்த மனு மாதிரியை நான் எங்கும் கண்டதில்லை.

மூன்றாம் பெயர், "நம்மை யார் மதிப்பார்?" இதை இலேசாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. புறக்கணிப்பு உண்டு. முகம் பார்த்து, பெயர் பார்த்து அலைக்கழிக்கும் அலுவலரும் உண்டு. மனு கொடுத்தும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்போரை நானும் அறிவேன். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன்: கேட்கப்படாத ஒன்றை மறுத்தார்கள் என்று எப்படி நிறுவுவீர்கள்? ஒப்புகைச் சீட்டும் தேதியும் கையில் இருந்தால்தான் புறக்கணிப்பு என்பது ஓர் ஆதாரமாகும். அவை இல்லாதவரை அது வாட்ஸ்அப் புலம்பலாகவே நிற்கும். எங்கள் பாதை குறித்து அன்று நான் தலையசைத்த குற்றச்சாட்டு, பேரூராட்சியின் ஒற்றைத் தாளில் தவிடுபொடியானதே!

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப், 1946 முதல் 1952 வரை சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். அரசியல் நிர்ணய சபையில் தனித்து நிற்க நேர்ந்தபோதும் சமுதாயத்தின் கோரிக்கைகளை முறைப்படி முன்வைத்தார். தமிழ் மொழிக்காகவும் அங்கே வாதாடினார். 2007ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கிடைத்த 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடும் வானத்திலிருந்து இறங்கியதன்று. நெடுங்காலக் கோரிக்கையின் பயன் அது. கல்லூரியில் இடம் கிடைத்த நம் பிள்ளைகள், அதற்காக எவரோ எழுதிய தாள்களின் நிழலில் அமர்ந்திருக்கிறார்கள்.

சரி, எந்தக் கதவைத் தட்டுவது? இங்கும் நம் அறியாமை பெரிது. சாக்கடைக்குச் சட்டமன்ற உறுப்பினரையும், சட்டத் திருத்தத்திற்கு வார்டு கவுன்சிலரையும் தேடுகிறோம். தெருவிளக்கும் வடிகாலும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. பட்டா, சாதிச் சான்றிதழ் போன்றவை வட்டாட்சியர் அலுவலகத்தின் பொறுப்பு. குடும்ப அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலர் இருக்கிறார். கல்வி உதவித்தொகைக்கும் சிறுபான்மையினர் கடனுதவிக்கும் மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரை அணுகலாம். இவர்கள் செய்யாதபோது, திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியரகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் இருக்கிறது. அதற்கும் மேலே முதலமைச்சரின் தனிப்பிரிவு இருக்கிறது. 1100 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஊராட்சிகளில் வாழ்வோருக்கு ஆண்டில் ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்நாட்களை விடுமுறையாகக் கருதி வீட்டில் உறங்கிவிட்டு, தீர்மானத்தில் நம் தெரு இல்லை என்று வருந்துவது நியாயமா?

சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியவை வேறு. அவர் பேரவையில் கேள்வி எழுப்பலாம். கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கலாம். துறைகளின் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம். தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து பணிகளைப் பரிந்துரைக்கலாம். நிதிநிலைக் கூட்டத்தொடருக்குச் சில வாரங்கள் முன்னரே எழுத்தில் கொடுத்தால்தான் அவருக்கும் பயன்படும். நோன்புப் பெருநாள் வாழ்த்துச் சொல்ல வந்தவரின் காதில் கூட்டத்தின் நடுவே கிசுகிசுத்தால், வாசலைத் தாண்டுமுன் அது மறந்துபோகும். சட்டமன்றப் பேரவைக்கு மனுக்கள் குழு என ஒன்று உண்டு என்பதையும், பொதுமக்களின் மனுக்களை ஆராய்வதே அதன் பணி என்பதையும் நம் ஜமாஅத் நிர்வாகிகளில் எத்தனை பேர் அறிவர்?

எழுதும் முறைக்கும் மார்க்கத்தில் முன்மாதிரி இருக்கிறது. அண்டை நாட்டு மன்னர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் மடல் எழுத நாடியபோது, முத்திரையில்லாக் கடிதத்தை அவர்கள் ஏற்பதில்லை என்று சொல்லப்பட்டது. 'எனக்கெதற்கு முத்திரை' என்று அல்லாஹ்வின் தூதர் கூறவில்லை. வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்வித்து, அதில் பெயர் பொறித்துக்கொண்டார்கள். எதிரிலிருப்பவரின் அலுவல் முறையை மதிப்பது இழிவன்று என்பதற்கு இது போதாதா? ஆகவே ஒரு மனுவில் ஒரு குறையை மட்டும் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். இடம், புல எண், எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்படுகின்றன என்பன இடம்பெறட்டும். புகைப்படம் இணையுங்கள். ஒப்புகை எண் பெறாமல் திரும்பாதீர்கள். முப்பது நாட்கள் கழித்து அந்த எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டுங்கள். ஆங்கிலம் தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. குறை தீர்க்கக் கோரும் மனுவை, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு நமக்குத் தந்துள்ளது. நம் தாய்மொழி தமிழ். தாராளமாகத் தமிழில் எழுதுவோம்.

பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கணவரின் அநீதி குறித்து நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டு வாதாடிய கவ்லா (ரலி) அவர்களின் சொல்லை ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் கேட்டான். அல்முஜாதலா என்றே ஒரு சூரா இறங்கியது. ஆனால் விதவை உதவித்தொகைக்காக அலுவலகம் செல்லும் நம் சகோதரியை "பொம்பளைக்கு அங்கே என்ன வேலை" என்று தடுக்கிறோம். நாமும் போவதில்லை. மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபோது, மேல்முறையீட்டுக்கு வழியிருந்தும் அறியாமல் விட்ட பெண்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. இக்குற்றம் அரசைச் சேருமா, நம்மைச் சேருமா?

இன்னொன்று. நம் மனு நமக்காக மட்டுமே இருந்தால் அது பாதி மனுதான். மக்காவில் உரிய பணம் மறுக்கப்பட்ட அந்நியர் ஒருவருக்காகக் கூடிய ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில் நபி (ஸல்) அவர்கள் தம் இளமையில் பங்கேற்றார்கள். நபித்துவத்திற்குப் பின்னும் அதைப் பெருமையுடன் நினைவுகூர்ந்தார்கள். எங்கள் கப்ருஸ்தான் பாதையில் தேங்கும் அதே நீர்தான் பக்கத்துக் காலனியின் வீடுகளுக்குள்ளும் புகுகிறது. இதை நாங்கள் அறிந்ததே, கையெழுத்து வாங்க அங்கு சென்றபோதுதான். அவர்கள் எங்களுக்காகக் கையெழுத்திட்டார்கள். அவர்கள் தெருவின் குடிநீர்க் குழாய்க்காக நாங்கள் கையெழுத்திட்டோம்.

அம்மனு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் கொடுத்தோம். ஆறாம் வாரம் பொறியாளர் வந்து அளந்தார். அடைபட்டிருந்த வடிகால் தூர்வாரப்பட்டது. சென்ற மழையில் நீர் கணுக்காலோடு நின்றது. பாதை இன்னும் போடப்படவில்லை. மதிப்பீடு தயாராகி நிதிக்காகக் காத்திருப்பதாக எழுத்தில் பதில் வந்துள்ளது. மூன்று முறை நினைவூட்டிவிட்டோம், நான்காவதும் எழுதுவோம். நாங்கள் வென்றுவிட்டதாக நான் கூறவில்லை. ஆனால் இனி எவரும் மனு வரவில்லை என்று எங்களுக்குப் பதில் எழுத முடியாது.

இறுதியாக என் மீதான குற்றச்சாட்டை நானே வாசித்துவிடுகிறேன். இருபது ஆண்டுகளாக நஹ்வும் ஸர்ஃபும் ஃபிக்ஹும் கற்பித்து வருகிறேன். தேங்கிய நீரில் ஒளு எடுப்பதன் சட்டத்தை மாணவர்களுக்கு மணிக்கணக்கில் விளக்கியுள்ளேன். அந்த நீரை அகற்றக் கோரி ஒரு கடிதம் எழுத எவருக்கும் கற்பித்ததில்லை. தகவல் கேட்டு எழுதிய அந்த இளைஞர் அதை என்னிடம் கற்கவில்லை. இவ்வாண்டு முதல் எங்கள் மதரஸாவின் இறுதி வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் குறை ஒன்றை மனுவாக எழுதி, ஒப்புகை எண்ணுடன் வர வேண்டும் என்று ஏற்பாடு செய்துள்ளோம்.

ஜமாஅத் நிர்வாகிகளே, வரும் ரமளானில் சட்டமன்ற உறுப்பினரைக் கஞ்சிக்குத் தாராளமாக அழையுங்கள். விருந்தோம்பல் நம் மரபு. ஆனால் கஞ்சிக் கோப்பையை நீட்டும் முன் ஒரு தாளை நீட்டுங்கள். அதன் நகலைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தேதியுடன் ஒட்டுங்கள். அடுத்த ரமளானில் அவர் வரும்போது அதே தாளைக் காட்டிப் பதில் கேளுங்கள். பொன்னாடையை அதன் பிறகு யோசிக்கலாம்.

உரிமையை உரிய முறையில் கேட்கும் துணிவையும், பிறருக்காகவும் கேட்கும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.