கேட்காத ஒலி... ஒட்டாத பாசி! கப்பல்களுக்கு ஒரு புதுக் காவலன்

எண்ணூர், பழவேற்காடு மீனவர்களிடம் 'காக்கா ஆழி' என்று சொன்னாலே முகம் வாடிவிடும். ஆற்றின் அடியில் கம்பளம் விரித்ததுபோலப் படர்ந்து, இறால் பிடிக்கும் இடத்தையும் மஞ்சள் கிளிஞ்சல் வளரும் இடத்தையும் மூடிவிடும் கருஞ்சிப்பி அது. அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. கப்பல்கள் வழியாகவே இங்கு வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

கப்பல்கள் சுமந்துவரும் பாரத் தண்ணீர் ஒரு வழி. இன்னொரு வழி, கப்பலின் அடிப்பகுதி!

முதலில் படலம், பிறகு பட்டாளம்

எந்தப் பொருள் கடலில் இறங்கினாலும் சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் அதில் ஒட்டிக்கொண்டு வழுவழுப்பான படலத்தை உருவாக்கும். அதன்மேல் பாசி வளரும். பின்னாலேயே பார்னக்கிள் எனப்படும் கொட்டலசும் சிப்பிகளும் குடியேறும்.

அரை மில்லிமீட்டர் படலம் அடிப்பகுதியின் பாதியை மூடினாலே, கப்பல் வெளியிடும் கரிம வாயு கால் பங்கு அளவுக்குக் கூடலாம். தண்ணீரில் உராய்வு அதிகரிப்பதால், அதே வேகத்தில் போக அதிக எரிபொருளை எரிக்க வேண்டியிருக்கிறது.

விஷம் வைத்த பெயின்ட்

இது பழைய தலைவலி. 1761-லேயே பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலின் அடியில் செம்புத் தகடு பொருத்திப் பார்த்தது. 1960-களில் டிபிடி என்ற வெள்ளீய ரசாயனம் கலந்த பெயின்ட் வந்தது. பாசி ஒழிந்தது, கூடவே பிரான்ஸின் அர்க்காஷோன் வளைகுடாவில் வளர்த்த சிப்பிகளும் உருக்குலைந்தன. 2008-ல் சர்வதேச ஒப்பந்தம் மூலம் அந்த பெயின்டுக்குத் தடை அமலானது. இன்றும் பெரும்பாலான பெயின்ட்களில் இருப்பது செம்புதான்.

ஒலி என்ன செய்யும்?

இந்த இடத்தில்தான் அல்ட்ராசோனிக் கருவி வருகிறது. கப்பலின் உட்பக்கச் சுவரில் சிறு அதிர்வுக் கருவிகளை ஒட்டிவிடுகிறார்கள். துளை போடத் தேவையில்லை. நொடிக்கு 20,000 தடவைக்கும் மேல் அதிர்வதால் நம் காதுக்குக் கேட்காது. ஆனால், இரும்புச் சுவர் முரசுத் தோல்போல நுணுக்கமாக அதிரும். அதையொட்டிய நீரிலும் அந்த அதிர்வு பரவ, முதல் படலம் நிலைகொள்ளத் திணறும். அஸ்திவாரம் இல்லாத இடத்தில் வீடு எப்படி எழும்?

சிங்கப்பூரில் நடந்த ஆய்வகச் சோதனைகளில், 23 கிலோஹெர்ட்ஸ் ஒலி பட்டபோது கொட்டலசின் இளம் உயிரிகள் ஒட்டுவது குறைந்தது. பெயின்ட் நிற்காத புரொப்பல்லர், கடல்நீர் உள்ளே வரும் பெட்டி போன்ற இடங்களுக்கும் இந்த முறை கைகொடுக்கிறது.

குறைகளும் உண்டு

மரப் படகில் இது பலிக்காது. மரம் அதிர்வை விழுங்கிவிடும். ஏற்கெனவே இறுகிப்போன கொட்டலசைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மின்சாரம் நின்றால் காவலும் நின்றுவிடும். மெக்சிகோவின் குவாடலூப் தீவருகே இந்த ஒலி கேட்ட நேரங்களில் கூவியர் அலகுத் திமிங்கலங்கள் விலகிப்போனதும் பதிவாகியிருக்கிறது. நமக்குக் கேட்காத ஒலி, அவற்றுக்குக் கேட்கும்! அதனால் எங்கே, எவ்வளவு நேரம் இயக்குவது என்பதையும் யோசித்தாக வேண்டும்.

ஆனாலும், பரவிய பிறகு ஆற்றிலிருந்து காக்கா ஆழியை அள்ளி எடுப்பது எவ்வளவு பெரும்பாடு என்பதை எண்ணூர் மீனவர்கள் அறிவார்கள். கப்பலிலேயே ஒட்டவிடாமல் தடுப்பது, எங்கோ ஓர் ஆற்றை நம்பி வாழும் குடும்பத்துக்கும் சேர்த்துப் போடும் காவல்!