லிஃப்ட்டும் கிடையாது, படியும் முடியாது... அப்ப?



உங்க காலேஜ் லிஃப்ட் பக்கத்துல ஒரு போர்டு இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? 'தீ விபத்தின்போது லிஃப்ட்டை உபயோகிக்காதீர்கள். படிக்கட்டைப் பயன்படுத்தவும்.' நியாயமான அட்வைஸ்தான். கரன்ட் கட்டானா லிஃப்ட் நடுவழியில நின்னுடும். லிஃப்ட் போய் வர்ற பாதையே புகைபோக்கி மாதிரி புகையை மேலே இழுக்கும். சரி... வீல்சேர்ல வர்ற உங்க கிளாஸ்மேட் அந்த போர்டைப் படிச்சுட்டு என்ன பண்ணணும்?

2001 செப்டம்பர் 11. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்கு கோபுரத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் கிடைத்தன.

69-வது மாடியில் வேலை பார்த்த ஜான் அப்ருஸோவுக்கு நடக்க முடியாது. 1993-ல் அதே கட்டடத்தில் குண்டு வெடித்தபோது அவரைக் கீழே கொண்டுவர பல மணி நேரம் ஆச்சு. அதுக்கப்புறம் அங்கே வாங்கி வெச்ச, படிகளில் சறுக்கி இறங்கும் ஸ்பெஷல் நாற்காலிதான் 2001-ல் கைகொடுத்தது. கூட வேலை பார்த்த பத்துப் பேர் சேர்ந்து 69 மாடியும் இறக்கிட்டாங்க. கோபுரம் விழறதுக்கு முன்னாடி எல்லாரும் வெளியே!

27-வது மாடியில் எட் பெயா. அவரும் வீல்சேர்தான். நண்பர் ஏப் ஸெல்மனோவிட்ஸ் நினைச்சிருந்தா படியில இறங்கித் தப்பிச்சிருக்கலாம். போகல. உதவி வர்ற வரைக்கும் நண்பன் பக்கத்துலயே இருந்துட்டார். தீயணைப்புப் படை கேப்டன் வில்லியம் பர்க்கும் அவங்களோட நின்னார். விமானம் மோதிய 102-வது நிமிஷம் கோபுரம் சரிஞ்சது. மூணு பேருமே திரும்பி வரல.

அப்ருஸோவுக்கு நாற்காலியும் இருந்தது, தூக்க ஆளும் இருந்தது. எல்லாருக்கும் அப்படி அமையுமா? அமையாதவங்களுக்கு முதல் தேவை, 'நான் இங்கே இருக்கேன்'னு சொல்ல ஒரு வழி.

அந்த வழி ரொம்ப சிம்பிள். படிக்கட்டை ஒட்டி, தீயும் புகையும் சீக்கிரம் நுழையாத ஒரு காத்திருக்கும் இடம். அங்கே சுவரில் ஒரு இன்டர்காம். பட்டனை அழுத்தினா, கீழே கன்ட்ரோல் பேனலில் எந்த மாடியிலிருந்து அழைப்புன்னு தெரியும். ரெண்டு பக்கமும் பேசலாம். அமெரிக்க விதிகளின்படி சத்தத்தோடு விளக்கும் எரியணும். காது கேட்காதவருக்கும் தன் அழைப்பு போய்ச் சேர்ந்தது தெரியணுமே! கீழே எந்நேரமும் ஆள் இல்லாத கட்டடம்னா, அது தானாகவே வெளியே போன் போடணும். பிரிட்டனிலும் இதுக்கெனத் தனி தர விதிகள் இருக்கு. தீயணைப்பு வீரர்களுக்கு சிவப்புப் பெட்டி போன், காத்திருப்பவருக்குக் கையில் பிடிக்காமலே பேசும் பெட்டி.

'அதான் செல்போன் இருக்கே பாஸ்'னு கேக்கறீங்களா? ஆபத்து நேரத்துல எல்லாரும் ஒரே சமயத்துல போன் பண்ணினா லைன் கிடைக்கிறது கஷ்டம். கிடைச்சாலும், 112-ல் பேசறவருக்கு உங்க பில்டிங்கே தெரியாது. எந்த பிளாக், எந்த மாடி, எந்தப் படிக்கட்டுன்னு புகைக்கு நடுவுல இருமிக்கிட்டே விளக்கணும். இன்டர்காமோ, கீழே வந்து நிக்கிற தீயணைப்பு வீரர்கிட்ட நேரா பேச வைக்கும்.

ஆனா ஒண்ணு... பெட்டி பேசும், தூக்காது! மேலே ஏறிப் போறது யாருன்னு முன்கூட்டியே முடிவாகணும். மாசக்கணக்கா டெஸ்ட் பண்ணாத இன்டர்காம் வெறும் சுவர் அலங்காரம்.

இது வீல்சேர்காரங்க பிரச்னை மட்டும்னு நினைக்காதீங்க. கால்ல கட்டுப் போட்ட ஃபுட்பால் கேப்டன், நிறைமாத கர்ப்பிணி மேடம், ஆஸ்துமா உள்ள பெஞ்ச்மேட், மூட்டு வலியோட வர்ற லைப்ரரி ஐயா... எல்லாரும் இந்த லிஸ்ட்ல உண்டு.

நாளைக்கு காலேஜ் போனதும் மூணு கேள்வி கேளுங்க. படி இறங்க முடியாதவங்க எங்கே காத்திருக்கணும்? அங்கிருந்து யார்கிட்ட பேசணும்? கூட்டிட்டு வரப் போறது யார்? அப்படியே, அடுத்த ஃபயர் டிரில்ல அவங்களை 'நீங்க க்ளாஸ்லயே இருங்க'ன்னு விட்டுட்டுப் போகாதீங்க. அவங்களுக்குத்தான் அந்த டிரில் ரொம்ப அவசியம். அவங்களோட சேர்த்தே பண்ணிப் பாருங்க!