மலையின் மீது சுமத்திய பழி

சென்ற தவணையில் மாணவருக்கு "இயற்கை அனர்த்தம்" என்று ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். பெரும்பாலோர் "இயற்கை அன்னை சீறினாள்" என்றே தொடங்கியிருந்தனர். பிழை அவர்களுடையதன்று, அத்தொடரைக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆசிரியர்களாகிய நாமே. பத்திரிகைகளும் அரசியல்வாதிகளின் அனுதாபச் செய்திகளும் இதனையே ஓதுகின்றன. சீறியது இயற்கையென்றால் விசாரிக்கப்பட வேண்டியவர் எவருமில்லை. இறந்தோருக்காக அழுதுவிட்டு எழுந்து போய்விடலாம். அந்த வசதிக்காகவே அச்சொற்றொடர் இன்னும் வாழ்கிறது.

கொஸ்லந்தையை எடுத்துக்கொள்வோம். அது பதுளை மாவட்டத்திலுள்ள ஒரு சிறு மலைநகர். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், தீபாவளி கழிந்து ஒரு வாரம், காலை ஏழரை மணியளவில் அந்நகரை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு இடிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பலருடைய உடல்களும் கிடைக்கவில்லை. பாடசாலைக்குச் சென்றிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் சிலருக்குத் திரும்பி வர வீடுமில்லை, பெற்றோருமில்லை.

இது எவரும் எதிர்பாராத விபத்தா? அன்று. அவ்விடம் அபாயகரமானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. விஞ்ஞானம் தன் கடமையைச் செய்தது. செய்யாதவர் யார் என்பதே கேள்வி.

"எச்சரித்தும் அவர்கள் ஏன் போகவில்லை?" என்று கேட்கும் கனவான்கள் நம்மிடையே உளர். அவர்களிடம் நான் கேட்பது இது: எங்கே போவது? தொழிலாளி வாழும் லயக் காம்பரா தோட்டத்துக்குரியது. அவன் செய்யும் வேலையோடு பிணைக்கப்பட்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. தோட்டம் இவ்வாறு கைமாறிக்கொண்டே இருக்க, அதில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவனுக்கு ஒரு துண்டு நிலந்தானும் உரித்தாகவில்லை. போக்கிடமில்லாதவனிடம் "வெளியேறு" என்று கூறுவது எச்சரிக்கையா? பின்னர் பொறுப்பைத் தட்டிக் கழிப்பதற்கு முன்கூட்டியே எழுதி வைத்த சாட்சியம் அது.

மழை காரணமன்று என்று நான் கூறவில்லை. பாறைமீது தங்கிய தளர்ந்த மண்ணில் நீர் ஊறினால் மண்ணின் பிடி நெகிழும். வடிகான்கள் அடைபட்டால் ஆபத்து விரையும். இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழித்திருக்க வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற வேண்டும். இவ்வளவும் கணக்கிடப்பட்டுள்ளது. ஆனால் காட்டை அழித்துத் தேயிலை நட்டது மழையா? சரிவின் அடியில் லயத்தைக் கட்டியதும் மழைதானா?

2016இல் பூனாகலை மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டி வழங்கப்பட்டன. ஆகவே, நிலம் இல்லாமற் போகவில்லை. எச்சரிக்கைக்குக் கிடைக்காத காணி சாவுக்குக் கிடைத்தது! ஆயினும் பாடம் படிக்கப்பட்டதா? 2023 மார்ச்சில் அதே பூனாகலைப் பகுதியிலுள்ள கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் உடைந்தன. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகம் எங்கணும் சரிவுகள் மீண்டும் உயிர்களைப் பலிகொண்டன.

அபாய வலய வரைபடமும் காணி உறுதியும் ஒன்றாக வர வேண்டும். அகற்றப்படும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாதுகாப்பான இடத்தில் சொந்த நிலம் வழங்கப்பட வேண்டும். இது கருணையன்று, உரிமை. மலையக ஆசிரியர்கள் அந்த வரைபடத்தை வகுப்பறைச் சுவரில் மாட்டட்டும்; தன் லயம் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு பிள்ளையும் அறியட்டும். குறிஞ்சியைக் காதலுக்குரிய திணையாக மட்டுமே கற்பித்துவந்த தமிழாசிரியருக்கு இப்பாடம் புதிதாக இருக்கலாம். இனி நாம் அதைக் கற்றுத்தான் ஆக வேண்டும்.

அடுத்த தவணையும் அதே தலைப்பைத்தான் கொடுக்கப் போகிறேன். "மலை ஏன் சரிந்தது?" என்பதோடு, "அதன் கீழே வாழும்படி மக்களை விட்டவர் யார்?" என்றும் எழுத வேண்டும் என்று சொல்வேன்.