பல்கலைக்கழக மைதானம் யாருக்கு?



மில் தொழிலாளி பிள்ளைக்குப் பந்தாட்டம் எதற்கு, நூல் முடியக் கற்றால் போதாதா என்று கேட்கும் கனவான்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சரித்திரமே பதில் சொல்லும்.

1848-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சீமான் வீட்டு மாணவர்கள் கால்பந்துக்கு விதி எழுதினார்கள். ஆனால் அதை மக்களின் ஆட்டமாக்கியது யார்? பஞ்சாலைத் தொழிலாளி! பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், சனிக்கிழமை பகல் 2 மணிக்கு மேல் பெண்களையும் இளவயதினரையும் வேலை வாங்கக்கூடாது என்றது. ஆலை நின்றது, ஆட்டம் வளர்ந்தது. 1883-ல் இங்கிலாந்துக் கோப்பை இறுதி ஆட்டத்தில், பஞ்சாலை நகரான பிளாக்பர்னின் நெசவாளரும் நூற்பாளரும் இருந்த ஓர் அணி, ஈட்டன் பள்ளிப் பழைய மாணவர்களை 2-1 என்று வீழ்த்தியது. ஓய்வு கிடைத்தது, கோப்பையும் கிடைத்தது!

நமது கோவைக்குத் தென்னாட்டு மான்செஸ்டர் என்று பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழிருந்த நம் கல்லூரிகளுக்கென்று 1982-ல் பாரதியார் பல்கலைக்கழகம் பிறந்தது. கல்லூரிகளுக்கிடையே ஓட்டமும் கால்பந்தும் நடத்தி, தேறியவர்களைப் பல்கலைக்கழக அணியாக அனுப்புகிறார்கள். நல்லது. ஆனால் அதற்கு முதலில் கல்லூரி வாசலை மிதிக்க வேண்டுமே! இங்குள்ள பல கல்லூரிகள் பஞ்சாலைச் செல்வத்தில் எழுந்தவை. அந்தச் செல்வம் யாருடைய வியர்வை?

நம் பிள்ளைகளுக்குத் திறமை இல்லையா? 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில், கோவை ஆட்டோ ஓட்டுநரின் மகள் வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 வினாடியில் ஓடி, 1984-ல் பி.டி. உஷா படைத்த தேசிய சாதனையைச் சமன் செய்தார், வெண்கலமும் வென்றார்.

ஓடிப் பழக வேண்டிய பதினாறு வயதில் எத்தனை கூலிவீட்டுப் பெண்களைச் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரால் மூன்றாண்டு மில் விடுதியில் அடைத்தார்கள்! அதே 2023-ல் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றதால், மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவித்தார்கள். 12 மணி நேரம் நின்ற கால் பந்தைத் தொடுமா?

ஆகவே கேட்போம்: பல்கலைக்கழக, கல்லூரி மைதானங்களை மாலை நேரத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் திறந்துவிடு! பயிற்சியும் பாலும் முட்டையும் கொடு! எட்டு மணி நேர வேலையில் கை வைக்காதே!

மைதானம் தானமல்ல, நம் உரிமை!