நர்ஸ் களைத்துப்போனால் நோயாளிக்கு என்ன ஆபத்து? கொரோனா காலம் சொல்லும் பாடம்

பெருந்தொற்று என்றதும் படுக்கை எத்தனை, ஆக்சிஜன் எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்க எத்தனை செவிலியர்கள் இருக்கிறார்கள்? இந்தக் கேள்வி ஏன் முக்கியம்? பார்க்கலாம்.

கடலூரில் என்ன நடந்தது?

2020 மே தொடக்கத்தில் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் வேலை பார்த்த தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். அதுவரை பாதிப்பு குறைவாக இருந்த கடலூர் மாவட்டத்தில், சில நாட்களிலேயே எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறியது. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கொரோனா நோயாளிகளுக்குச் சிகிச்சை தரப்பட்டது.

நோயாளிகள் ஒரே வாரத்தில் பல மடங்கு ஆகலாம். பயிற்சி பெற்ற செவிலியர்கள் அப்படி ஆக முடியாதே! சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

வார்டுக்குள் என்ன மாறுகிறது?

பிபிஇ உடை போட்டுவிட்டால் கழற்றும்வரை தண்ணீர் குடிக்க முடியாது, கழிவறை போக முடியாது. முகக் கண்ணாடியில் ஆவி படியும். இரட்டைக் கையுறையோடு ஊசி போட நரம்பைத் தேடுவதே சிரமம். மாஸ்க்குக்குள் இருந்து சொல்கிற மருந்துப் பெயர் தவறாகக் காதில் விழலாம்.

உறவினர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. அதனால் சாப்பாடு கொடுப்பது, வீட்டுக்குத் தகவல் சொல்வது எல்லாம் செவிலியர் தலையில்தான். வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவரைக் குப்புறப் படுக்க வைக்கவே நான்கைந்து பேர் வேண்டும். அந்த நேரத்தில் மற்ற படுக்கைகளை யார் பார்ப்பது?

எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ்?

பொது வார்டில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் 3 நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர். இது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்.

இதை மீறினால் என்னாகும்? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. ஒரு செவிலியருக்குக் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும், 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாக அது சொன்னது. சாதாரண காலத்திலேயே இந்த நிலை!

தற்காலிக வேலை, நிரந்தரப் பிரச்சினை

கொரோனா காலத்தில் தமிழக அரசு ஒப்பந்த அடிப்படையில் செவிலியர்களை எடுத்தது. மாதச் சம்பளம் 14,000 ரூபாய். 2022 டிசம்பர் 31-உடன் 2,400-க்கும் மேற்பட்டோரின் பணி முடிவுக்கு வந்தது. போராட்டம் வெடித்தது. நியமனத்தில் இடஒதுக்கீடு பின்பற்றப்படவில்லை என்றது அரசு. எம்.ஆர்.பி. தேர்வு எழுதி வந்தவர்கள்தானே நாங்கள் என்று கேட்டார்கள் செவிலியர்கள். பிறகு, 18,000 ரூபாய் சம்பளத்தில் மாற்றுப்பணி தரப்படும் என்று சுகாதாரத் துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் அறிவித்தார்.

இது சம்பளப் பிரச்சினை மட்டும் இல்லை. இரண்டு அலைகளில் வேலை பார்த்தவர் வெளியேறினால், அந்த அனுபவமும் கூடவே போகிறது. வேலை எப்போது போகுமோ என்று பயப்படுபவர், தவறு நடந்தால் வெளியே சொல்லவும் தயங்குவார். தவறு வெளியே தெரிந்தால்தானே அடுத்த முறை தடுக்க முடியும்?

இப்போது என்ன?

2020-ல் உலக நோயாளி பாதுகாப்பு தினத்துக்கு, சுகாதாரப் பணியாளர்களின் பாதுகாப்பையே கருப்பொருளாக்கியது உலக சுகாதார நிறுவனம். அவர்கள் பாதுகாப்பாக இருந்தால்தான் நோயாளியும் பாதுகாப்பாக இருப்பார்.

சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியும் 2021 ஜனவரியில் சுகாதாரத் துறையின் கீழ் வந்துவிட்டன. ஆக, மாவட்டத்தில் செவிலியரை உருவாக்கும் இடமும், வேலை தரும் இடமும் அரசிடமே இருக்கின்றன. அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்காமல், காலிப் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்பலாம்.

அடுத்த முறை உறவினரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, 'பெட் இருக்கா?' என்பதோடு இதையும் கேளுங்கள்: 'ராத்திரி இந்த வார்டுக்கு எத்தனை நர்ஸ்?'